இலவசமாக வரும் இடிபாடும் கோயில் நிலமும்: டர்பன் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட், இசிப்பிங்கோ ஆகிய பகுதிகளிலும் டர்பனின் மற்ற இடங்களிலும் உள்ள தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சாலைக்கும் கட்டடத்துக்கும் அடியில் போகும் மண், ஜல்லி, தார்க் கலவை ஆகியவற்றைச் சோதிப்பதே என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, கோயில் குழுக்கள் அழைக்கும்போதெல்லாம் போய்ப் பார்த்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு குழுவிடமும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதை எல்லாருக்கும் பொதுவாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று இம்மடலை எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மி.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்த அந்த மழை, குவாசுலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது; டொங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்து, அவ்வூர் மக்களை மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்தது; உம்ட்லோட்டியில் மேட்டு நிலத்தைக் கரைத்துச் சேறாக வீடுகளுக்குள் தள்ளியது. சரிவிலும் ஓடைக்கரையிலும் அமைந்த நம் கோயில் வளாகங்கள் பலவற்றில் அன்று முதல் மண் வேலை ஓயவில்லை. பின்புறச் சரிவை நிரப்புகிறோம், தடுப்புச் சுவர் எழுப்புகிறோம், திருவிழாக் கூட்டத்துக்காக வாகன நிறுத்தத்தை விரிக்கிறோம். பணம் குறைவு, தேவை அதிகம். அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு டிப்பர் லாரி வந்து நிற்கிறது. “ஐயா, நல்ல ரபிள் (கட்டட இடிபாடு) இருக்கிறது, காசு வேண்டாம், எங்கே கொட்ட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்” என்கிறார் ஓட்டுநர். நமக்கும் அது சாமியே அனுப்பி வைத்ததுபோல் தோன்றுகிறது.

அந்த லாரி ஏன் நம் வாசலுக்கு வருகிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். கட்டடத்தை இடித்தவர் அந்த இடிபாட்டைக் குப்பைப் புதைகுழிக்குக் கொண்டுபோனால், எடைபோட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். புதைகுழிகள் உள்ள லோவுவுக்கோ பஃபல்ஸ்ட்ராய்க்கோ போய்வர டீசல் செலவும் உண்டு. நம் நிலத்தில் கொட்டினால் இரண்டும் மிச்சம். ஆகவே இலவசம் என்பது அவர் நமக்குத் தரும் கொடையன்று. நாம் அவருக்குச் செய்யும் சேவை. அவருடைய குப்பைக் கட்டணத்தை நம் கோயில் நிலம் ஏற்றுக்கொள்கிறது.

சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் (எந்தக் கோயில் என்பது இங்கே தேவையில்லை) வாகன நிறுத்தம் வரிவரியாக உள்வாங்கியது. காரணம் என்ன என்று பார்க்கும்படி அழைத்திருந்தார்கள். மார்பளவு ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொன்னேன். மேலே ஒரு சாண் சிவப்பு மண். அதற்குக் கீழே பூச்சு உதிராத செங்கல் சுவர்த் துண்டுகள், கை கழுவும் பீங்கான் தொட்டியின் பாதி, சுருண்டு கிடந்த முறுக்குக் கம்பி, சுவர் ஓடுகள், கூரையிலிருந்து கழற்றிய ரைனோபோர்டு என்ற ஜிப்சம் பலகை கஞ்சியாகக் கரைந்து கிடந்த வெள்ளைப் படலம், மக்கிப்போன புல் அடைத்த பிளாஸ்டிக் மூட்டை. இரண்டு காங்கிரீட் பாளங்களுக்கு நடுவே கடப்பாறையை விட்டபோது, பிடித்த கை தரையில் முட்டும்வரை அது தடையின்றி உள்ளே போனது. எல்லாவற்றுக்கும் அடியில் பழைய புல்தரை அப்படியே, செதுக்கப்படாமல், கறுத்த மண்ணோடு; அதன்மேல் தண்ணீர் தேங்கி நின்றது. மழை பெய்து வாரங்கள் ஆகியிருந்தன.

குழிக்குப் பக்கத்தில், தரையின் வலிமையை அளக்கும் டி.சி.பி. (Dynamic Cone Penetrometer) கருவியை இறக்கினோம். அது எளிய கருவி: 8 கிலோ எடையுள்ள சுத்தியல், 575 மி.மீ. உயரத்திலிருந்து வழிதண்டில் விழுந்து, 60 பாகை கூம்பு முனையைத் தரைக்குள் இறக்கும். சுத்தியலின் ஒவ்வோர் அடிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டே போனால் தரையின் வலிமை அடுக்கடுக்காகத் தெரிந்துவிடும். அடிக்கு 9 மி.மீ. அளவில் இறங்கினால் அந்த அடுக்கின் சி.பி.ஆர். (பாரம் தாங்கும் வலிமையைக் காட்டும் எண்) மதிப்பு ஏறத்தாழ 25. அடிக்கு 14 மி.மீ. என்றால் ஏறத்தாழ 15. அந்த வாகன நிறுத்தத்திலோ ஓர் அடியில் முனை விரல் நீளத்துக்கு அமிழ்ந்தது. அடுத்த அடியில் ஏதோ பாளத்தில் மோதிச் சுத்தியல் துள்ளியது. தண்டைக் கையளவு நகர்த்தி வைத்து மறுபடி அடித்தால் வேறொரு கணக்கு வந்தது. ஒரே மாதிரியான பலவீனத்தைக்கூடச் சமாளிக்கலாம். அடிக்கு அடி மாறும் தரையின்மேல் எந்தக் கல் பதித்தாலும் அது நிலைக்காது.

ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்போது இடையில் வெற்றிடங்கள் இருக்கின்றன. மேலே பரப்பிய மண்ணை மழைநீர் சிறிது சிறிதாக அந்த வெற்றிடங்களுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது, மேற்பரப்பு குழிகிறது. மரம், புல், அட்டை ஆகியவை மக்கி மேலும் இடம் விடுகின்றன. ரைனோபோர்டில் உள்ள ஜிப்சம் நீரில் கரைவது மட்டுமன்று. அதிலுள்ள சல்பேட் சிமெண்டோடு சேர்ந்தால் உப்பி விரியும் பொருளாகி, மேலிருக்கும் தளத்தையே தூக்கிவிடும். செதுக்காத புல்தரைமேல் நிரப்பியதால் அந்தப் பழைய தரையே வழுக்குப் பலகையாகிவிடுகிறது. இது சமதளத்தில் நடந்தால் குழிவிழும், அவ்வளவுதான். சரிவில் நடந்தால் முழு நிரப்பும் கீழே இருப்பவர் வீட்டின்மேல் இறங்கும்.

நம் ஊர் மண்ணும் இதற்கு இடம் கொடுக்கும் மண்தான். கடலோர மேட்டில் கிடக்கும் பெரியா சிவப்பு மணல், காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அசையாமல் நிற்கும். பாரம் இருக்கும்போது நனைந்துவிட்டால் அதன் உள்ளமைப்பு திடீரென்று நொறுங்கி அமிழும். கூரைத் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்தால் ஒரே இரவில் அதில் ஓடை வெட்டிவிடும். உள்நாட்டுச் சரிவுகளில் ஷேல் எனப்படும் களிப்பாறை இருக்கும் இடங்களில், ஈரம் பட்ட அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். இந்த மண்ணின்மேல் கண்ணை மூடிக்கொண்டு இடிபாட்டைக் கொட்டலாமா?

இவ்வளவும் சொன்னதால், இடிபாடே வேண்டாம், கல்குவாரியிலிருந்தே ஜல்லி வாங்குங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வேண்டுகோள் அதற்கு நேர்மாறானது. பிரித்து, உடைத்து, சலித்து, சோதித்து, அடுக்கடுக்காக இறுக்கப்பட்ட பழைய காங்கிரீட் நல்ல சாலைப் பொருள். அதைப் புதைகுழியில் போட்டு மூடிவிட்டு, மலையை வெடிவைத்து உடைத்த கல்லைக் கொண்டுவருவது செலவும் வீணும். இதை நாம் உணர்வதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. கிளார் எஸ்டேட்டில் நம்மவர் வீடுகளுக்கு நடுவே 1980இல் திறக்கப்பட்ட பிசாசர் ரோடு குப்பைமேடு எத்தனை ஆண்டுகள், எத்தனை குடும்பங்களின் மூச்சில் கலந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை மூடச் சொல்லிப் போராடிய சஜிதா கான் 2007இல் காலமானார். அவர் போனபிறகும் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. புதைகுழிக்குப் போகும் ஒவ்வொரு லாரியும் யாரோ ஒருவருடைய வாசல் வழியாகத்தான் போகிறது. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பாகிய மேகசின் பாராக்ஸில் வாழ்ந்து இந்த நகராட்சியின் தெருக்களைப் போட்டவர்களும் கூட்டியவர்களும் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமாகிய நம் முன்னோர்தாம். குப்பையும் சாலையும் நமக்குப் புதிய விஷயங்கள் அல்ல.

இனி, எந்தப் பொருள் எங்கே போகலாம் என்பதற்கு வருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் சாலைப் பொருள்களை ஜி1 முதல் ஜி10 வரை தரம் பிரிக்கும் முறை 1985இல் வெளிவந்த டி.ஆர்.எச். 14 என்ற வழிகாட்டியால் நிலைபெற்றது. ஜி1 தேர்ந்தெடுத்து உடைத்த கல். ஜி10 வெறும் மண். நம் வாகன நிறுத்தங்களுக்கு ஜி1 தேவையில்லை. பேவிங் கல்லுக்கு நேர் கீழே, 95 விழுக்காடு இறுக்கத்தில் (சோதனைக் கூடத்தில் எட்டும் உச்ச அடர்த்தியில் 95 விழுக்காடு) சி.பி.ஆர். 45 தரும் ஜி5 தர அடுக்கு 150 மி.மீ. கனத்தில் இருந்தால் போதும். அதற்கும் கீழே இருக்கும் மண் ஜி7 அளவுக்காவது, அதாவது 93 விழுக்காடு இறுக்கத்தில் சி.பி.ஆர். 15 அளவுக்காவது வர வேண்டும். வீட்டு அடித்தளம், தூண், உத்திரம், நடைபாதைப் பலகை ஆகியவற்றிலிருந்து வந்த சுத்தமான காங்கிரீட்டை நொறுக்கிச் சலித்தால் ஜி5 தரத்தை எட்டுவது கடினமான காரியமன்று. துண்டுகளின் அளவு அடுக்கின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீறாமல் இருக்க வேண்டும். செங்கல் கலந்திருந்தால் வலிமை குறையும். ஆனாலும் கீழடுக்குக்கு அது ஆகும்.

நொறுக்கிய காங்கிரீட்டைக் கையாளும்போது ஒரு வேறுபாட்டை ஒப்பந்தக்காரர் அறிந்திருக்க வேண்டும். கல்லைச் சுற்றி ஒட்டியிருக்கும் பழைய சாந்து தண்ணீரை உறிஞ்சும். ஆகவே கல்குவாரி ஜல்லிக்கு ஊற்றும் தண்ணீர் இதற்குப் போதாது. அரைகுறையாக நனைத்து ரோலரை ஓட்டினால், மேலே இறுகியதுபோல் தெரியும், உள்ளே தளர்ந்திருக்கும். முதல் நாளே குவியலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் பரப்பி இறுக்குவது நல்லது. இதற்குப் பலனும் உண்டு: பழைய சாந்தில் வினைபுரியாமல் எஞ்சிய சிமெண்ட், நொறுக்கும்போது வெளிப்பட்டு, ஈரம் பட்டதும் மெல்ல இறுகத் தொடங்கும். மாதங்கள் கழித்து டி.சி.பி. அடித்துப் பார்த்தால், போட்ட நாளைவிட உறுதியாக இருப்பதைக் காணலாம். கல்குவாரி ஜல்லியில் இந்தக் குணம் இல்லை.

அதே சிமெண்டால் ஒரு தொல்லையும் வருகிறது. நொறுக்கிய காங்கிரீட்டின் வழியாகக் கசிந்துவரும் நீர் கடுமையான காரத்தன்மை உடையது; அது காற்றுப் பட்டதும் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் வடிகாலாக அதைப் போட்டால், துணிவடிகட்டியையும் ஓட்டைக் குழாய்களையும் சில ஆண்டுகளில் சுண்ணாம்பு அடைத்துவிடும். வடிய வழியற்ற நீர் சுவரைத் தள்ளும். எனவே சுவருக்குப் பின்னால் வடிகால் கல்லாகக் கல்குவாரிக் கல்லையே போடுங்கள். அந்த ஓரிடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கரகம் பாலிக்கவும் நீராடவும் நாம் இறங்கும் ஆற்றங்கரைப் படித்துறைக்கு அருகிலும், தலமரமாக வைத்து வளர்க்கும் வேம்பு, அரசு ஆகியவற்றின் வேர்ப்பரப்பிலும் இதைப் போட வேண்டாம்.

இன்னொன்று, நம் கோயில்களுக்கே உரியது; எந்தப் பொறியியல் கையேட்டிலும் இருக்காது. நம் மக்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள். தைப்பூசத்தன்று காவடி எடுத்து, முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுத்து வருபவரின் பாதத்தில் ஒரு துண்டுக் கம்பியோ ஓட்டுச் சில்லோ கண்ணாடியோ ஏறினால் என்ன ஆகும்? நொறுக்கும் இயந்திரத்தில் காந்தம் இருந்தாலும், கட்டுக்கம்பியும் ஆணியும் முழுவதும் போய்விடாது. பீங்கானும் கண்ணாடியும் காந்தத்துக்குச் சிக்கவே சிக்காது. ஆகவே மறுசுழற்சி ஜல்லி ஒருபோதும் மேற்பரப்பாக இருக்கக்கூடாது. அதன்மேல் சலித்த மணல் படுகையும், அதன்மேல் பேவிங் கல்லும் கட்டாயம். சாதாரண கார்கள் நிற்கும் இடத்துக்கு 60 மி.மீ. கல் போதும், தேரின் இரும்புச் சக்கரம் உருளும் பாதைக்கும் பந்தல் சாமான் லாரி வரும் வழிக்கும் 80 மி.மீ. போடுங்கள். தேரின் எடை நான்கு குறுகிய கோடுகளில் இறங்குகிறது என்பதை ஒப்பந்தக்காரரிடம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

சாலையைச் சுரண்டி எடுக்கும் பழைய தார்க்கலவை, அதாவது மில்லிங்ஸ், நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் அடுத்த பொருள். பெரிய சாலைகளில் இதோடு, ஜல்லியை ஒட்டவைக்கும் கறுப்புப் பசையாகிய பிட்டுமினை நுரையாகவோ குழம்பாகவோ சேர்த்துப் புதிய அடித்தளமாக்குவதில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் உலகுக்கே முன்னோடிகள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. வெயில் ஏறிய நாளில் பரப்பி, எடைமிக்க ரோலரை ஓட்டினாலே, எஞ்சியிருக்கும் பிட்டுமின் ஓரளவு ஒட்டிப் பிடித்துப் புழுதி அடங்கும். கார்கள் மட்டும் போகும் பின்புற வழிக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் கொடிமரத்தைச் சுற்றியும் காவடி வரும் வழியிலும் வேண்டாம். ஜனவரி வெயிலில் கறுப்புத் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. தீமிதிக் குழிக்கு அருகிலும் கூடாது. தீக்கங்கின் வெப்பத்தில் பிட்டுமின் இளகிப் புகையும். குழியைச் சுற்றிலும் வெறும் மண்தரையே இருக்கட்டும். அங்கே காங்கிரீட்டும் உதவாது; உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் அது சிதறித் தெறிக்கும். மில்லிங்ஸ் வாங்கும்போது எந்தச் சாலையிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிகப் பழைய அடுக்குகளில் நிலக்கரித் தார் இருக்கக்கூடும்; அது உடலுக்குக் கெடுதி. நாப்தலீன் உருண்டையின் நெடி அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பிளாஸ்டிக் சாலை பற்றி இளைஞர் அணியினர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடேற்றிய ஜல்லியின்மேல் துண்டு பிளாஸ்டிக்கைத் தூவிப் பூசி, பிறகு பிட்டுமின் கலக்கும் முறையைக் கண்டு, 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழர் எவருக்கும் பெருமைதான். நமக்கு அருகிலேயே கிளிஃப்டேலில் 2019இல் 400 மீட்டருக்கு மேற்பட்ட சாலைக்கு, ஏறத்தாழ 40,000 பால் போத்தல்களுக்கு ஈடான மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலந்த தார்க்கலவை போடப்பட்டது; பிட்டுமினில் 6 விழுக்காட்டை அது ஈடுசெய்தது. இரண்டுமே தார்க்கலவை ஆலையில், வெப்பத்தைக் கண்காணித்துச் செய்பவை. கோயில் முற்றத்தில் பீப்பாயில் பிளாஸ்டிக்கை உருக்கி மணலோடு கலந்து கல் வார்க்கலாம் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். அதில் பி.வி.சி. கலந்திருந்தால் வெளிவரும் புகை நுரையீரலை அரிக்கும் அமிலம். கற்பூரமும் தீச்சட்டியும் புழங்கும் இடத்தில் எரியக்கூடிய தரை எதற்கு என்பது என் கேள்வி.

டயரைப் பொறுத்தவரை, மண் நிரப்பி அடுக்கிய டயர்ச் சுவர்கள் நம் வீட்டுச் சரிவுகளில் நிறைய உண்டு. இடுப்பளவு உயரம்வரை, பின்னால் தண்ணீர் தேங்காதபடி செய்தால், அவை நிற்கும். அதற்குமேல் உயர்த்த வேண்டாம். துண்டாக்கிய டயரை ஆழமாகக் குவித்து நிரப்புவது தனியான ஆபத்து: 1995இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அப்படி நிரப்பிய இரண்டு சாலைக் கரைகள் யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் சூடேறி எரிந்தன, அதன்பிறகுதான் ஓர் அடுக்கு 3 மீட்டரைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு வந்தது. சர்க்கரை ஆலைச் சக்கைச் சாம்பலைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நன்றாக எரிந்த சாம்பல் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். ஆனால் ஆலைக் கொதிகலனிலிருந்து வருவது எரியாத கரியும் மண்ணும் கலந்து, லாரிக்கு லாரி மாறுவது. சோதனைக்குச் செலவழிக்கும் பணத்துக்கு அது ஈடாகாது.

அஸ்பெஸ்டாஸ் பற்றி விரிவாக எழுத மாட்டேன். எழுதத் தேவையும் இல்லை. பழைய நகராட்சி வீடுகளின் நெளிகூரைத் தகடுகளும் தண்ணீர்க் குழாய்களும் இடிபாட்டில் கலந்து வருவது சாதாரணம். 2008 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள் அது. ஒரு துண்டு கண்ணில் பட்டாலும் அந்த லாரி முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். உடைக்கவோ பெருக்கவோ தொண்டர்களை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே கொட்டப்பட்டிருந்தால் மேலே தண்ணீர் தெளித்து மூடிவைத்து, பதிவு பெற்ற அகற்றுநரை அழையுங்கள்.

இவ்வளவையும் ஒரே கோயில் தனியாகச் செய்ய முடியாது என்பதை நான் அறிவேன். நொறுக்கும் இயந்திரத்தை நாள் வாடகைக்கு வரவழைக்க ஆகும் செலவு, ஒரு கோயிலின் மடைப்பள்ளியை இடித்தால் வரும் காங்கிரீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கும்பாபிஷேகத்துக்கு முன் மண்டபத்தை மாற்றிக் கட்டும் கோயில்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றன. வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, இரண்டு இடங்களில், நகராட்சியிடம் முறைப்படி அனுமதி பெற்று, கோயில்கள் கூடிச் சேமிப்புக் குவியல் வைத்துக்கொள்ளலாம். சுத்தமான காங்கிரீட் ஒரு குவியல், செங்கல் ஒரு குவியல். மற்றது எதுவும் உள்ளே வரக்கூடாது. இடிக்கும் போதே பிரிப்பதுதான் முக்கியம்: முதலில் கூரைப் பலகை, கதவு, குழாய், மின்கம்பி ஆகியவற்றைக் கழற்றி வெளியேற்றிவிட்டுப் பிறகு சுவரில் கை வைக்க வேண்டும். லாரியில் ஒன்றாக ஏற்றிய பிறகு பிரிக்க நினைப்பது, சாம்பாரில் கலந்த உப்பை எடுக்க நினைப்பதுதான். குவியல் போதிய அளவு சேர்ந்ததும் இயந்திரத்தை வரவழைத்து, நொறுக்கி, ஒரே தடவையில் மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், சோதனைச் செலவும் கோயில்களுக்குள் பகிர்ந்துபோகும். நம் சமூகத்தில் சிவில் பொறியாளர்களுக்கும் சோதனைக்கூடத் தொழில்நுட்பர்களுக்கும் பஞ்சமில்லை. கேட்டால் சனிக்கிழமை காலை வந்து நிற்பார்கள். நானும் வருவேன்.

சரிவை நிரப்பும் வேலைக்கும் தடுப்புச் சுவருக்கும் இந்த ஏற்பாடு போதாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டி வடிவக் காங்கிரீட் கற்களை அடுக்கும் லோஃபல்ஸ்டைன் சுவர் பார்க்க எளிதாகத் தெரியும். கல்லை அடுக்கி மண் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். பின்னால் உள்ள சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கி, தண்ணீருக்கு வழிவிட்டுக் கட்டினால்தான் அது சுவர். இல்லாவிட்டால் பூந்தொட்டிகளின் வரிசை. அதற்குப் பதிவு பெற்ற பொறியாளரின் வரைபடமும் நகராட்சியின் அனுமதியும் வேண்டும். தருமத்துக்குச் செய்து தருகிறேன் என்று ஒரு பக்தர் முன்வந்தாலும், வரைபடம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. சுவர் சரிந்தால் நீதிமன்றத்தில் நிற்பவர்கள் அறங்காவலர்களாகிய நீங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை குறைந்த காலம். மண் வேலைக்கு அதுவே உகந்தது. அதற்குள் தயாராக வேண்டுமானால், உங்கள் அடுத்த குழுக் கூட்டத்திலேயே இரண்டு முடிவுகளை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழு உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்து ஒப்புதல் கையெழுத்திடாமல் எந்த லாரியும் வளாகத்தில் எதையும் கொட்டக்கூடாது என்பது ஒன்று. அண்டையிலுள்ள கோயில்களோடு பொதுக் குவியல் பற்றிப் பேச இருவரை நியமிப்பது மற்றொன்று.

வாகன நிறுத்தத்துக்கு விலைப்புள்ளி கேட்கும்போது, “மறுசுழற்சிக் காங்கிரீட் ஏற்கப்படும்” என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பேவிங் கல்லுக்குக் கீழ் அடுக்கு ஜி5 தரம், இறுக்கிய பின் 150 மி.மீ. கனம்; மரம், பிளாஸ்டிக், ஜிப்சம் ஆகிய கலப்பு நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கூடாது; அஸ்பெஸ்டாஸ் அறவே கூடாது; பொருள் எந்த இடிப்பு வேலையிலிருந்து வந்தது என்பதை எழுத்தில் தர வேண்டும்; சி.பி.ஆர். சோதனை அறிக்கை முன்கூட்டியே வர வேண்டும். கல் பதிப்பதற்கு முன், குழு குறிக்கும் இடங்களில் டி.சி.பி. அடித்துக் காட்ட வேண்டும். அதில் தேறாத பகுதியை ஒப்பந்தக்காரர் தம் செலவில் தோண்டி மறுபடி இறுக்க வேண்டும். அதன் பிறகே அந்தக் கட்டத்துக்குரிய பணம். இவற்றை அப்படியே உங்கள் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். இந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டு விலைப்புள்ளி தராமல் ஒதுங்கும் ஒப்பந்தக்காரர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தருகிறவர்களிடம், முந்தைய வேலையின் டி.சி.பி. தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இங்ஙனம்,
மண் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அடியார் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.